போதும் என்ற சொல்

ஒருவருக்குத் தொழிலாக இருப்பது இன்னொருவருக்கு விளையாட்டாக இருப்பதை நாம் தினந்தோறும் பார்க்கிறோம். உழவன் மண்ணைக் கொத்துவது பிழைப்பு. ஓய்வு பெற்ற அதிகாரி தம் வீட்டுத் தோட்டத்தில் மண்ணைக் கொத்துவது பொழுதுபோக்கு. சமையற்காரர் அடுப்படியில் வேகிறார், கூலிக்காக. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத் தலைவர், "இன்றைக்கு என் சமையல்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அதே அடுப்படிக்குள் நுழைகிறார்; உற்சாகத்துக்காக. இதில் யாருக்கும் நஷ்டமில்லை. உப்புக் கூடிப்போனால் அந்த ஒரு வேளை வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தொழில் உயிரை எடுக்கும் தொழிலாக இருந்தால்?

மீனவர் பிழைப்புக்காக மீன் பிடிக்கிறார். அதே மீனை, அதே நீரில், ஒரு விடுமுறை நாளில் விளையாட்டுக்காக நாம் பிடிக்கிறோம். மீனைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், இரண்டும் சாவு. நம்மைப் பொறுத்தவரை வித்தியாசம் உண்டா? உண்டு என்றால், அது எங்கே இருக்கிறது? செயலிலா, மனத்திலா, அளவிலா?

புலால் உண்ணலாமா, கூடாதா என்ற பழைய வழக்கை இங்கே திறக்க எனக்கு விருப்பமில்லை. உண்ணாதவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அவர்களுடைய விடை முன்பே எழுதப்பட்டுவிட்டது. உண்ணுகிறவர்களின் வீட்டுக்குள்ளே, அவர்களுடைய சாப்பாட்டு இலைக்கு முன்னாலேயே எழுகிற கேள்வி இது. அதனால்தான் இது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அம்பத்தூரில் இருப்பவர்களுக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது என்பது பேருக்குத்தான். சென்னைவாசிகள் என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் எங்கள் கண்ணில் படுவது ஏரிகள்தாம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. அந்த ஆண்டுகளிலேயே ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையும் வந்தது. அன்றிலிருந்து இந்தப் பக்கத்து மனிதர்கள் கடிகாரத்துக்கும் ஷிப்டுக்கும் கட்டுப்பட்டவர்கள். அவர்களுக்குக் கடல் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

என் தங்கையின் கணவர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் லேத்து ஓட்டுகிறவர். ஆறு நாளும் இரும்பைக் கடைகிற மனிதருக்கு ஏழாம் நாளில் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வருவதில் வியப்பில்லை. 2010-ஆம் ஆண்டு தை மாதத்து ஞாயிறு ஒன்றில் வேன் பேசிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம். அவர், தங்கை, அவர்களுடைய பெண், பையன், மாப்பிள்ளையின் தாயார், நான். செங்குன்றம், காரனோடை, பொன்னேரி வழியாகப் போகிற பாதை. பொன்னேரியைத் தாண்டியதும் காற்றிலே உப்பு வாடை வந்துவிடும்.

பழவேற்காட்டை ஏரி என்கிறோம். ஆனால் அதன் நீர் உப்பு. முகத்துவாரத்தின் வழியே வங்கக் கடலின் தண்ணீர் உள்ளே வந்து போகிறது. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி அது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம்தான் நம்முடையது. டச்சுக்காரர்கள் அங்கே 1613-இல் கோட்டை கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. வியாபாரம் செய்ய வந்தவர்களின் மிச்சம் கல்லாக நிற்க, அவர்களுக்கு முன்பும் பின்பும் வலை வீசியவர்களின் சந்ததி இன்னும் வலை வீசிக்கொண்டிருக்கிறது. சரித்திரத்தில் எது நிலையானது என்று யோசிக்க நல்ல இடம்.

அந்நாளில் வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போவது அங்கே வழக்கம். ஐம்பது வயதுள்ள ஒரு படகுக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். தூரத்தில் பூநாரைகள் வெள்ளைக் கோடு போட்டாற்போல நின்றன. பையனுக்குப் பூநாரை பொருட்டாகவே இல்லை. அவன் கண்ணெல்லாம் தூண்டில் மேல். படகுக்காரர் கட்டையில் சுற்றிய நரம்பைப் பிரித்து, முள்ளில் சின்ன இறால் ஒன்றைக் கோத்து, ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் எப்படி விரலால் உணர்வது என்று சொல்லிக் கொடுத்தார். அரைமணி நேரத்துக்குள் ஒரு கிழங்கான் அகப்பட்டது. பையன் போட்ட கூச்சலில் படகே ஆடியது. எல்லோரும் கை கொட்டினோம். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கெளிறு. அதன் முள் குத்தும் என்று படகுக்காரரே பக்குவமாகக் கழற்றினார். மாப்பிள்ளை முதன்முறையாக ஒரு மீனைத் தாமே பிடித்துவிட்டு, புது வேலை கற்றுக்கொண்ட பையனைப் போலச் சிரித்தார்.

பெண்ணுக்குப் பதினொரு வயது. அவள் படகின் அடியில் துள்ளிக்கொண்டிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதுக்கு வலிக்குமா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் பதில் சொல்லுமுன் அவளுடைய தகப்பனார் சொன்னார்: "ஏம்மா, மார்க்கெட்ல வாங்கியாந்து குழம்பு வெக்கறப்போ கேக்கலியே? அதுவும் இப்படித் துள்ளினதுதானே?"

"அப்போ நாம கை தட்டலியே, அப்பா" என்றாள் அவள்.

படகில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. தகப்பனார் சொன்னதும் சரி. பெண் சொன்னதும் சரி. இரண்டையும் நான் தனித்தனியே எடுத்துப் பார்க்கிறேன்.

முதலில், வலி. மீனுக்கு வலி தெரியாது என்று நெடுங்காலம் பலர் நிம்மதியாக நம்பிக்கொண்டிருந்தார்கள். 2003-இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்நெடன் என்ற பெண்மணியும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் டிரௌட் என்னும் மீன்களின் உதட்டில் தேனீயின் நஞ்சையும் காடி அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். அந்த மீன்கள் பக்கவாட்டில் ஆடின. அமிலம் பட்டவை உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. இதை வலி என்று சொல்லலாமா என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் விவாதம் உண்டு. ஆனால் நமக்கு விஞ்ஞானியின் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. தப்பிக்கப் பார்க்கும் உயிரைக் கண்டால் குழந்தைக்குப் புரிகிறது. பெரியவர்களுக்குத்தான் நிரூபணம் தேவைப்படுகிறது.

அடுத்து, தகப்பனாரின் வாதம். காசு கொடுத்து வாங்குகிறவன், தானே கொல்லாததால் பாவம் குறைந்தவனா? இல்லை. கண்ணை மூடிக்கொண்டவன் குற்றமற்றவன் ஆகிவிட மாட்டான். பையில் வந்து விழுகிற மீன் எந்த நீரில் இருந்தது, யார் கை அதை எடுத்தது என்று ஒரு நாளாவது நேரில் பார்த்தவன், பாராதவனைவிட நேர்மையானவன் என்றுகூட நான் சொல்வேன். அந்த வகையில், குழந்தைகளைப் படகில் அழைத்துச் சென்றதில் தவறில்லை. சோற்றுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது என்பது மறைத்து வைக்க வேண்டிய செய்தி அல்ல.

பெண்ணின் வாதமோ இதைவிட நுட்பமானது. கொல்வதைப் பற்றி அவள் பேசவில்லை. கை தட்டுவதைப் பற்றிப் பேசினாள். படகுக்காரர் மீன் பிடிக்கும்போது சிரிப்பதில்லை. அவருக்கு அது வேலை. நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புத்தான் கொலையை விளையாட்டாக்குகிறதா?

அப்படியானால், பிடித்த மீனைத் திரும்ப நீரிலேயே விட்டுவிட்டால் சரியாகிவிடுமா? மேல்நாடுகளில் தூண்டில் போடுகிறவர்கள் பலர் இதைத்தான் ஒழுக்கம் என்று கருதுகிறார்கள். பிடி, பார், விட்டுவிடு. உயிர் பிழைத்ததல்லவா என்பது அவர்கள் வாதம். ஆனால் சுவிட்சர்லாந்து தன் பிராணிப் பாதுகாப்புச் சட்ட விதிகளில் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது. விட்டுவிடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதையே அது தடை செய்திருக்கிறது. உண்ணுவதற்காகத் துன்புறுத்தினால் அதற்கு ஒரு காரணமாவது இருக்கிறது. வேடிக்கைக்காகத் துன்புறுத்திவிட்டுப் பிறகு கருணை காட்டுவதில் காரணம் எதுவும் இல்லை என்பதே இதன் உள்ளே இருக்கும் நியாயம்.

முதலில் கேட்டபோது எனக்கு இது விந்தையாக இருந்தது. கொல்வது நியாயம், விடுவது குற்றமா? ஆனால் யோசிக்க யோசிக்க இதிலுள்ள கண்டிப்புப் புரிகிறது. இன்னோர் உயிரின் துன்பத்தைத் தொட வேண்டுமானால் உனக்கு ஒரு தேவை இருக்கட்டும். தேவை இல்லையென்றால் தொடாதே. சிரிப்பா அழுகையா என்பது இரண்டாவது சங்கதி. தேவை உண்டா என்பதுதான் முதல் சங்கதி.

தேவை என்றால் எவ்வளவு தேவை? இங்கேதான் அன்று நடந்த இன்னொரு சிறு பேச்சு எனக்குத் துணைக்கு வருகிறது. வாளியில் கால் பாகம் நிறைந்ததும் மாப்பிள்ளையின் தாயார், "போதும்பா, குழம்புக்கு ஆச்சு. நரம்பைச் சுத்து" என்றார். பையனுக்கு மனமில்லை. "இன்னும் ஒண்ணே ஒண்ணு, ஆயா" என்று கெஞ்சினான். "ஆறு பேருக்கு எவ்ளோடா வேணும்?" என்று அந்த அம்மாள் முடித்துவிட்டார்.

படகுக்காரர் சிரித்தார். "நீங்க சொல்லிட்டீங்கம்மா. டீசலுக்கு ஆவணும், வட்டிக்கு ஆவணும், வலை கிழிஞ்சா அதுக்கு ஆவணும். நாங்க எங்கே போதும்னு சொல்றது?"

குறையாக அவர் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லில் பிழைப்புக்கும் விளையாட்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இருக்கிறது. பிழைப்புக்காகப் பிடிப்பவரால் நிறுத்த முடியாது. விளையாட்டாகப் பிடிப்பவரால் எந்த நிமிஷமும் நிறுத்த முடியும். ஆகவே நிறுத்த வேண்டிய கடமை முதலில் யாரைச் சேர்ந்தது? முடிந்தவனைத்தானே? பசித்தவன் அளவு மீறினால் உலகம் மன்னிக்கும். பசியில்லாதவன் அளவு மீறுவதை எதைச் சொல்லி மன்னிப்பது?

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்துவிடலாம். வசதி உள்ளவனுக்கு அளவு கடமை. வசதி இல்லாதவனுக்கு அது கட்டாயமில்லை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இது முழு உண்மையா? அளவு என்பது வயிறு நிறைந்தவர்களின் குணம், ஏழைக்கு அது எட்டாது என்றல்லவா இது ஆகிவிடுகிறது? உண்மை நடப்பு இந்த முடிவுக்குச் சாட்சி சொல்ல மறுக்கிறது.

அதே பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக உண்டு. ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே அளவில் கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்கள் வளமானவை, மற்றவை அப்படியல்ல. வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் இளைத்தவன் பட்டினி. அதனால் மீனவக் குப்பங்கள் தமக்குள் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துக்கொண்டன. எந்தச் சர்க்காரும் விதித்த முறையல்ல அது. கடனும் வட்டியும் தலைக்கு மேல் இருக்கிறவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டு. 'போதும்' என்று தனி மனிதர் சொல்ல முடியாததை ஊர் கூடிச் சொல்லியிருக்கிறது.

அதிலும் குறை உண்டு, மறைக்க வேண்டாம். பாட்டில் உரிமை உள்ளவர்கள் குறிப்பிட்ட குப்பத்தினர், குறிப்பிட்ட சாதியினர். பின்னால் மீன்பிடிக்க வந்த ஏழைகளுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. சண்டையும் வந்திருக்கிறது. இருளர்களோ இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலைப் பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. அளவு என்பதை அவர்களுடைய பத்து விரல்களே வகுத்துவிடுகின்றன.

இன்னும் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். பூந்தமல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்தவர் சேக்கிழார். கடல் தெரியாத ஊர்க்காரர். அவர் பாடிய அடியார்களில் ஒருவர் நாகப்பட்டினத்து நுளைப்பாடியைச் சேர்ந்த அதிபத்தர். மீன் பிடிக்கும் பரதவர். நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவது அவர் விரதம். பிறகு, நாளுக்கு ஒரே ஒரு மீன் மட்டும் அகப்படும் காலம் வந்தது. அந்த ஒன்றையும் விட்டார். சுற்றத்தாரோடு பட்டினி கிடந்தார். ஒருநாள் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வந்தது. அதையும் விட்டார்.

பக்தியின் உச்சம் என்று பெரியவர்கள் இதை விளக்குவார்கள். நான் ஒரு கதாசிரியனின் கண்ணால் பார்க்கிறேன். பொன் மீனை விட்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நிறைய மீன் கிடைத்த நாட்களில் ஒன்றை விட்டாரே, அந்தப் பழக்கம்தான் பெரிதாகப் படுகிறது. வந்ததெல்லாம் எனக்கில்லை என்று தினமும் ஒருமுறை கையால் செய்து காட்டிக்கொண்டவருக்குத்தான் வறுமையிலும் கை பழகியிருந்தது. அளவு வசதியால் வருவதல்ல, பழக்கத்தால் வருவது. வசதியுள்ளவனுக்கு அதைப் பழக எந்தத் தடையும் இல்லை, வேறுபாடு அவ்வளவே. வயிற்றுக்கு இருப்பவன் பழகாமல் இருந்தால் அவனுக்குச் சமாதானம் சொல்ல வழி இல்லை.

அளவு மீறினால் மீன் மட்டும் சாகும் என்று எண்ணிவிடக் கூடாது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பமாகச் சென்றவர்கள் ஏறிய படகு அதே பழவேற்காட்டில் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்குத் தடை வந்தது. வலையையும் நாலைந்து ஆட்களையும் சுமக்கப் பிறந்த படகு அது. பிழைப்புக் கருவியை விளையாட்டுச் சாமானாக்கும்போது, அந்தக் கருவியின் அளவை அறிந்திருக்க வேண்டும். 'இத்தனை பேர் போதும்' என்பதும் அந்தப் 'போதும்' தான். அதைச் சொல்லும் பொறுப்பைக் கூலிக்கு நிற்கும் படகுக்காரர் தலையிலேயே கட்டிவிடுவதும் நியாயமில்லை. பணம் கொடுக்கிறவன், "இவ்வளவு பேரும் ஏறலாம், நடத்து" என்று அவசரப்படுத்தும்போது, பணம் தேவைப்படுகிறவன் மறுப்பது எத்தனை கஷ்டம்!

சர்க்காரும் தன் பங்குக்கு ஒரு 'போதும்' சொல்கிறது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடை 2017-இல் 61 நாளாக நீண்டது. மீன் இனம் பெருக வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். அந்த இரண்டு மாதமும் கரையில் உட்கார்ந்திருப்பவர் மீனவர். மீன் விலை ஏறிவிட்டதே என்று முணுமுணுப்பதைத் தவிர, நாம் எதையும் இழப்பதில்லை.

இங்கே வந்ததும் என் கேள்வி நான் எதிர்பாராத பக்கமாகத் திரும்பிவிடுகிறது. தூண்டிலில் அகப்பட்ட ஐந்தாறு மீனைப் பற்றி இத்தனை யோசித்தோமே, தூண்டில் போடாமலே நாம் கொல்லும் மீன்களைப் பற்றி என்ன சொல்வது? பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகம் இருக்கிறது. அனல் மின் நிலையங்களின் சாம்பல் பல ஆண்டுகளாக அந்த நீரில் படிந்து வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து அந்தக் கழிமுகத்தில் பரவியது. மீனும் நண்டும் வளரும் இடம் அது. அந்த மின்சாரத்தில்தான் லேத்து சுழல்கிறது, என் மேஜை விளக்கு எரிகிறது, வண்டிகள் அந்த எண்ணெயில்தான் ஓடுகின்றன. நாம் யாரும் கை தட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. நமக்குத் தெரியவே தெரியாது. ஒரு வாளி மீனைப் பார்த்துப் போதும் என்று சொல்ல ஒரு பாட்டியால் முடிகிறது. கண்ணுக்கு முன்னால் வாளி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வாளியைப் பார்த்துப் போதும் என்று சொல்வது யார்?

விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்காருங்கள் என்று நான் உபதேசிக்கவில்லை. அந்த உபதேசத்தை நானே கடைப்பிடிக்க மாட்டேன். ஆனால் ஒரு நாள் விளையாட்டாகத் தூண்டில் போடும் குடும்பத்தைப் பார்த்து முகம் சுளிப்பது சுலபமான அறம். அந்த ஒரு நாள், அவர்களுக்குத் தங்கள் உணவின் விலையைக் கண்ணெதிரே காட்டிவிடுகிறது. மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அந்த விலையை நமக்குப் பதிலாக யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முகம் சுளிப்பதாக இருந்தால் அந்த நாட்களைப் பார்த்துச் சுளிக்கலாம்.

ஆகவே, விளையாட்டாக மீன் பிடிக்கலாமா என்று யாராவது கேட்டால், நான் இப்படித்தான் சொல்வேன்: பிடித்ததை உண்பதானால் பிடியுங்கள், உண்ணும் அளவுக்குப் பிடியுங்கள், குழந்தை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள், நிறுத்த முடியாத மனிதர் ஒருவர் அதே நீரில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதை மறவாதீர்கள். அவரால் ஏன் நிறுத்த முடியவில்லை என்று கரைக்கு வந்த பிறகும் கேட்டுக்கொண்டிருங்கள். வட்டி வாங்குகிறவரிடமும், விலை வைக்கிறவரிடமும், சாம்பல் கொட்டுகிறவரிடமும், விலையில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிற நம்மிடமும் அதற்கான பதில்கள் இருக்கின்றன.